தூக்கம் வரும்வரை விறகு

கோயமுத்தூரில் கணபதி என்ற பகுதியில் புத்திசாலிகள் நிறையப் பேர் உண்டு. அவர்களில் ஒருவர்கூட இந்தக் கதையில் வரவில்லை. வருகிறவர்கள் வேறு நான்கு பேர். நால்வரும் ஒரே பவுண்டரிக்காரர்கள்.

முதலாளி பெயர் நஞ்சப்பன். இரும்பை உருக்கித் தண்ணீர்ப் பம்புக்கு மூடி வார்ப்பது அவர் தொழில். தன்னிடம் வேலை பார்ப்பவர்கள் எல்லாரும் முட்டாள்கள், தான் ஒருவன்தான் விவரமானவன் என்பது அவருடைய திடமான அபிப்பிராயம். அதில் முதல் பாதி சரி.

தினமும் எரிந்த உலை இப்போது வாரத்துக்கு ஒரு நாள்தான் எரிந்தது. இருபத்திரண்டு ஆட்கள் மீதி ஆறு நாளும் வார்ப்பு மணலைச் சலித்துச் சலித்து அது மாவு மாதிரி ஆகியிருந்தது. நஞ்சப்பனின் மச்சான் ஒருவர் அடிக்கடி வந்து, பட்டறையைக் காலாலேயே அளந்துவிட்டுப் போவார். கல்யாண மண்டபம் கட்டினால் எப்படி இருக்கும் என்று அவருக்கு ஒரு யோசனை. உலை இருக்கிற இடத்தில் மணமேடை வரும் என்பதுவரை முடிவாகிவிட்டது. மணமேடைக்கு எந்தப் பக்கம் நாதஸ்வரம் என்பதில்தான் இழுபறி.

அந்தச் சமயத்தில்தான் கொரியாவிலிருந்து கடிதம் வந்தது. உல்சான் என்ற ஊரில் ஒரு பம்புக் கம்பெனி. கப்பல், கார், எண்ணெய் என்று ஊர் முழுக்கத் தொழிற்சாலை. கம்பெனியின் கொள்முதல் தலைவர் மேடம் யூன் எழுதியிருந்தார். முன்பு மூடி வார்த்துக் கொடுத்தவர்கள் வரைபடத்தில் இல்லாத புத்திசாலித்தனத்தையெல்லாம் மூடியில் காட்டினார்களாம். அதனால் அவருக்கு இப்போது புத்திசாலிகள் வேண்டாமாம். சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஆட்கள் வேண்டும்.

‘எங்கள் ஊரைச் சுற்றிப் பாருங்கள். எங்கள் சந்தையில் பொருள் வாங்குங்கள். எங்கள் பழைய வீட்டில் ஓர் இரவு தூங்குங்கள். மறுநாள் காலை எட்டு மணிக்கு, மூன்றும் நடந்திருந்தால், கையெழுத்து.’

கடிதத்தைப் படித்ததும் நஞ்சப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு தகுதியை உலகத்தில் யாராவது கேட்பார்கள் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. அந்தச் சரக்கு அவரிடம் ஏராளமாக இருந்தது.

கூட அழைத்துப்போக முதலில் மோல்டிங் மேஸ்திரி சென்னிமலையைத் தேர்ந்தெடுத்தார். அதிகாரிகள் வருகிறார்கள், பட்டறையில் இருக்கிற எல்லாவற்றுக்கும் பச்சை பெயின்ட் அடி என்று சொன்னதற்கு டீ கிளாஸ்வரை அடித்தவர். அடுத்து லேத்து கிட்டுசாமி. எதையும் மூன்று தடவை அளக்கச் சொல்லி யாரோ பழக்கிவிட்டதால், அவர் கல்யாணத்தில் தாலி கட்ட நாற்பது நிமிஷம் ஆனது. மூன்றாவது, குவாலிட்டி குமரகுரு. காதில் விழுகிற கட்டளையையெல்லாம் நோட்டில் எழுதிக்கொள்வார். எழுதிவிட்டால் பிறகு அதை யாராலும், சொன்னவராலும்கூட, மாற்ற முடியாது.

உல்சானில் அவர்களை அழைத்துப்போக வந்தவர் பெயர் பெக். ஸ்ரீபெரும்புதூரில் ஒன்பது வருஷம் வேலை பார்த்த கொரியாக்காரர். தமிழ் பேசினார்.

“வா நைனா, பேக்கைக் குடு. இன்னா இப்டி நடுங்குற, இதுக்குப் பேரு குளிரா?”

நால்வரும் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். குழந்தையைக்கூட ‘வாங்க, போங்க’ என்று கூப்பிடுகிற ஊர்க்காரர்கள்.

“ஏனுங்க முதலாளி, இவரு நம்ம மேல எதுக்குங்க கோவமா இருக்காரு?” என்றார் கிட்டுசாமி.

“கோவமில்லப்பா. அவரு படிச்சது அந்தப் பாடம்” என்றார் நஞ்சப்பன்.

பெக் ஒரு குச்சியில் மஞ்சள் கொடி ஒன்றைக் கட்டி வைத்திருந்தார். “இத்தப் பாத்துக்கினே வா சார். கண்ண எடுத்தே, கும்பல்ல காணாம பூடுவே. அப்பாலிக்கா என்னைக் கேக்காதே.”

குமரகுரு எழுதிக்கொண்டார். கொடியிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது.

எடுக்கவில்லை. மலையைப் படுக்கவைத்த மாதிரி ஒரு கப்பலைக் கட்டிக்கொண்டிருந்த துறைமுகத்தைத் தாண்டி வேன் போனது. நால்வரும் கொடியைப் பார்த்தார்கள். ஆற்றங்கரையில் மூங்கில் காடு காற்றில் சலசலத்தது. கொடியும் அசைந்தது, அதைப் பார்த்தார்கள். கடலுக்குள் நீண்ட பாறைக்குப் பாலம் வழியாக நடந்தார்கள். பாலம் இருந்த விஷயம் காலுக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. திமிங்கல அருங்காட்சியகத்தில் சென்னிமலையின் நெற்றி ஒரு பெரிய எலும்பில் இடித்தது. “பந்தக்கால் மாதிரி ஏதோ ஒண்ணு, பாத்து வாங்க” என்று பின்னால் வந்தவர்களை எச்சரித்தார், பார்க்காமலே.

ஓர் இடத்தில் நஞ்சப்பனுக்கு இரும்பு காய்கிற வாசனை அடித்தது. நாற்பது வருஷமாக மூக்கில் ஊறிய வாசனை. எங்கோ வலது பக்கம் பெரிய உலை இருக்க வேண்டும். கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. அவர் அதைக் கையால் பிடித்து நேராக வைத்துக்கொண்டார். இருபத்திரண்டு குடும்பம் இந்தக் கழுத்தை நம்பி இருக்கிறது.

மத்தியானம் பெக் கொடியைச் சுருட்டிப் பேன்ட் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். நான்கு பேரும் அவருடைய பாக்கெட்டையே பார்த்தபடி சாப்பிட்டார்கள். அவர் கழிப்பறைக்குப் போனார். போனார்கள்.

“இன்னா சார், இங்கியுமா?”

“நீங்க உங்க வேலையைப் பாருங்க. நாங்க எங்க வேலையைப் பாக்கறோம்” என்றார் குமரகுரு.

சாயங்காலம் சந்தை. கூரை போட்ட நீளமான தெருவில் மீனும் கருவாடும் காய்கறியும் குவிந்து கிடந்தன. ஒரு பழக்கடை அம்மாளிடம் நஞ்சப்பன் மூன்று பேரிக்காய் வாங்கினார். ஒவ்வொன்றும் தேங்காய் அளவு இருந்தது. அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே நாலாவதாக ஒன்றை எடுத்துப் பையில் போட்டார்.

கொசுறு. நஞ்சப்பனுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. இந்த நாகரிகம் இவ்வளவு தூரம் பரவியிருக்கிறதா என்று ஆச்சரியப்பட்டார். ஆனால் அதற்குள் குமரகுரு நோட்டைப் பிரித்துவிட்டார்.

“முதலாளி, கோயமுத்தூர் ஏர்போர்ட் மைக்குல சொன்னாங்க. முன்பின் தெரியாதவங்க எதைக் குடுத்தாலும் வாங்கக் கூடாது. நேத்து சாயங்காலம் நாலு மணி பத்து நிமிஷத்துக்கு எழுதியிருக்கேனுங்க.”

“அது பழம்ப்பா.”

“எதைக் குடுத்தாலும்னு இருக்குதுங்க. பழம் நீங்கலானு இல்லீங்க.”

நஞ்சப்பன் நாலாவது பேரிக்காயை எடுத்துக் கடையில் வைத்தார். ஒன்று போதவில்லை என்று நினைத்து அந்த அம்மாள் இரண்டாகப் போட்டார். இவர் இரண்டையும் எடுத்து வைத்தார். அம்மாள் முகம் இறுகியது. அடுத்த தடவை மூன்று பேரிக்காயும் ஒரு கட்டு இஞ்சியும் கொசுறாக வந்தன. திரும்பிப் போயின. பக்கத்துக் கருவாட்டுக்கடைக்காரர் இத்தனை கறாரான ஆட்களைப் பார்த்ததே இல்லை. அவர் பங்குக்கு ஒரு பொட்டலம் நெத்திலியை வைத்தார். சற்று நேரத்தில் அந்தத் தெருவில் கொசுறு கொடுக்காத கடை பாக்கி இல்லை.

“இத்த வாங்கிக்கினு வா சார், மானம் போவுது” என்றார் பெக்.

நால்வரும் ஒதுங்கி நின்று ஆலோசித்தார்கள்.

“தெரியாதவங்க குடுத்தாத்தானே தப்பு? அந்த அம்மாவைத் தெரிஞ்சுக்கிட்டா?” என்றார் சென்னிமலை.

குமரகுரு விதியை இன்னொரு முறை படித்துப் பார்த்தார். இடம் இருந்தது.

சென்னிமலை முக்காலி ஒன்றை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, தன் தாத்தா கிணறு வெட்டிய கதையிலிருந்து தொடங்கினார். பெக் தலையில் அடித்துக்கொண்டே மொழிபெயர்த்தார். ஒரு மணி நேரம். அந்த அம்மாள் பதிலுக்குத் தன் இரண்டு மருமகன்களைப் பற்றிச் சொன்னார். பெரியவன் சரியில்லை என்று சென்னிமலையும் ஒப்புக்கொண்டார். இப்போது எல்லாரும் தெரிந்தவர்கள். அம்மாள் நாலாவது பேரிக்காயைக் கொடுத்தார். நஞ்சப்பன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

“ஏனுங்க, தெரிஞ்சவங்ககிட்ட வெறுங்கையோட வாங்கினா நல்லா இருக்குதுங்களா?” என்றார் கிட்டுசாமி.

நியாயமான கேள்வி. நஞ்சப்பன் பையில் இருந்த மூன்று பேரிக்காயையும் எடுத்து, ஊரிலிருந்து வந்தவர்களின் அன்பளிப்பாக அந்த அம்மாளிடம் கொடுத்தார். ஒன்றோடு திரும்பினார்கள்.

வீடு ஊருக்கு ஓரத்தில் இருந்தது. ஓட்டுக் கூரை, மரச் சட்டத்தில் காகிதம் ஒட்டிய கதவுகள், முன்னால் பலகை பரப்பிய நடை. மதில் சுவருக்குப் பின்னால் தொழிற்சாலைப் புகைபோக்கிகள். மேடம் யூனுடைய மாமியாரின் வீடு. மாமியார் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். குளிர்காலம் முழுவதற்கும் வேண்டிய விறகைச் சீராகப் பிளந்து, கூரைவரைக்கும் அடுக்கிவைத்துவிட்டுப் போயிருந்தார்.

உள்ளே கட்டில் இல்லை. தரையில் மெத்தை விரித்திருந்தது. வெளிச்சுவரில் ஓர் அடுப்பு. அதில் தீ மூட்டினால் புகை தரைக்கு அடியில் இருக்கிற கல் வாய்க்கால் வழியாக ஓடி மறுபக்கம் வெளியேறும். தரை சூடாகும்.

சென்னிமலை குனிந்து பார்த்தார். அவர் முகத்தில் சொந்தக்காரரைப் பார்த்த மலர்ச்சி. “நம்ம உலையைப் படுக்கப் போட்ட மாதிரி இருக்குதுங்க முதலாளி.”

பெக் நாலு கட்டையைப் போட்டுத் தீ மூட்டினார். “தரை சூடாச்சுன்னா தூக்கம் தானா வரும். வரலேன்னா ரெண்டு கட்டை போடு. அவ்ளோதான் மேட்டரு.” அவர் போய்விட்டார். குமரகுரு எழுதிக்கொண்டார். தூக்கம் வராவிட்டால், கட்டை இரண்டு.

நால்வரும் வரிசையாகப் படுத்தார்கள். தரை இதமாக இருந்தது. சாதாரண மனிதர்களாக இருந்தால் பத்து நிமிஷத்தில் தூங்கியிருப்பார்கள். இவர்கள் தூக்கம் வருகிறதா என்று கவனித்துக்கொண்டிருந்தார்கள்.

“வந்துச்சுங்களா?” என்றார் குமரகுரு.

“இன்னும் இல்ல” என்றார் நஞ்சப்பன். நாளைக் காலைக் கையெழுத்து அவர் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது.

சென்னிமலை எழுந்துபோய் இரண்டு கட்டை போட்டார். குமரகுரு பட்டறையிலிருந்து கொண்டுவந்த வெப்பமானியைத் தரையில் காட்டினார். நாற்பத்தொன்று. கிட்டுசாமி மூன்று தடவை சரிபார்த்தார்.

“இந்தச் சூட்டுல ஈயம்கூட இளகாதுங்க. இதுல தூக்கம் எப்படிங்க வரும்?” என்றார் சென்னிமலை.

இன்னும் இரண்டு. இன்னும் இரண்டு. ஐம்பத்திரண்டில் எல்லாரும் புரண்டு படுத்தார்கள். ஐம்பத்தெட்டில் எழுந்து உட்கார்ந்தார்கள்.

“முதலாளி, மொதல்ல தூக்கம் கொஞ்சம் வர்ற மாதிரி இருந்துச்சுங்க. இப்ப சுத்தமா இல்லீங்க” என்றார் கிட்டுசாமி.

நஞ்சப்பன் யோசித்தார். விவரமானவர் யோசிக்க வேண்டிய நேரம் அது. “சூடு குறைஞ்சிருக்கும். காத்து பத்தல.”

குளியலறையில் தலைமுடி காயவைக்கிற கருவி ஒன்று இருந்தது. அதை அடுப்பு வாயில் வைத்து ஊதினார்கள். ஊரில் உலைக்கு ஊதுவதைவிட அடக்கமாகத்தான் ஊதினார்கள். அறுபத்தேழு. மெத்தைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு அதன்மேல் நால்வரும் நின்றார்கள். பிறகு மெத்தையும் சுட்டது.

“வெளியில நடையில போய்ப் படுத்துக்கலாமுங்களா?” என்றார் கிட்டுசாமி.

“வீட்டுல தூங்கணும்னு எழுதியிருக்குதுங்க. நடை வீட்டுல சேருமாங்கறது தெளிவா இல்லீங்க” என்றார் குமரகுரு.

சென்னிமலைதான் கணக்குப் போட்டார். “நாலு பேருக்கு எட்டுக் காலுங்க. ரெண்டு பேர் மேல ரெண்டு பேரு ஏறிக்கிட்டா நாலு காலுதான் சுடும். மாத்தி மாத்தி ஏறிக்கலாம்.”

பட்டறையில் இப்படி ஒரு சிக்கனத்தை யாரும் சொன்னதில்லை. முதல் ஷிப்டில் சென்னிமலையின் தோளில் நஞ்சப்பனும், கிட்டுசாமியின் தோளில் குமரகுருவும் ஏறிக்கொண்டார்கள். நஞ்சப்பன் உத்தரத்தைக் கட்டிப்பிடித்தபடி, மேலே இருந்து, “வருதா?” என்று கேட்டார். கீழே சென்னிமலை ஒற்றைக்காலில் மாறி மாறிக் குதித்துக்கொண்டே, “இல்லீங்க” என்றார்.

“அப்பப் போடு.”

விடியும்போது விறகு தீர்ந்தது. பனிக்காலம் முழுவதற்கும் வைத்திருந்த விறகு. தரை மெல்ல மெல்ல ஆறி, ஏழரை மணிக்கு முந்தைய நாள் சாயங்காலம் இருந்த அதே இதத்துக்கு வந்து நின்றது. நால்வரும் அதைக் கையால் தொட்டுப் பார்த்துத் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள்.

ஏழு நாற்பதுக்கு மேடம் யூன் வந்துவிட்டார். அறுபது வயது, சாம்பல் நிறக் கோட்டு. கையில் ஒரு மரப்பெட்டி. முக்கியமான காகிதங்களைப் பெட்டியில் வைத்துத்தான் கொண்டுவருவாராம். உள்ளே ஒப்பந்தம், மூன்று வருஷத்துக்கு மூடி வார்க்க, இரண்டே பிரதி, கம்பெனித் தலைவரின் முத்திரை ஏற்கெனவே குத்தியது. தலைவர் நேற்றே ஐரோப்பாவுக்குப் போய்விட்டார். இனி அவர் திரும்பி வந்து வேறு காகிதத்தில் முத்திரை குத்த வசந்தகாலம் ஆகுமாம். பெட்டியைப் பலகை நடையில் வைத்துவிட்டு மேடம் யூன் உட்கார்ந்தார். கையில் ஒரு படிவம். அதில் மூன்று கட்டம். உலகத்தில் எந்த மூலைக்குப் போனாலும் கொள்முதல் தலைவர் கையில் ஒரு படிவம் இருக்கும்.

“ஊரைப் பாத்தியான்னு கேக்குறாங்க” என்றார் பெக்.

குமரகுரு நோட்டைப் பிரித்தார். “நிறம் மஞ்சள். அகலம் ஒரு சாண். ஓரத்தில் தையல் எழுபத்தொன்று. காலை பத்தேகாலுக்கு ஒரு நூல் பிரிந்தது. பதினொன்று இருபதுக்கு இன்னொன்று.”

பெக் மொழிபெயர்த்து முடித்ததும் மேடம் யூன் நோட்டை எட்டிப் பார்த்தார். இத்தனை துல்லியத்தை அவர் எதிர்பார்க்கவில்லை. முதல் கட்டத்தில் டிக் அடித்தார். சந்தை? நஞ்சப்பன் பேரிக்காயை நீட்டினார். டிக்.

“தூங்கினியா?”

நஞ்சப்பன் வாயைத் திறப்பதற்குள் குமரகுரு சொல்லிவிட்டார். “இல்லீங்க. ஒரு நிமிஷம்கூட இல்லீங்க.”

நஞ்சப்பன் அவர் காலை மிதித்தார். ராத்திரி வெந்த கால். குமரகுரு அலறாமல் அதையும் எழுதிக்கொண்டார்.

மேடம் யூன் பேனாவை மூடினார். பெக் மெதுவாகச் சொன்னார். “கட்டம் காலியா இருந்தா கையெழுத்து இல்லியாம் சார். ஆனா எட்டு மணின்னுதானே எழுதினாங்க. இன்னும் பதினெட்டு நிமிஷம் கீது. நீ மொதலாளி, நீ ஒருத்தன் தூங்குனா போதுமாம். தூங்கு.” பிறகு அறைக்குள் எட்டிப் பார்த்தார். வைக்கோல் நிறத்தில் தரைமேல் ஒட்டியிருந்த காகிதம் டிகிரி காபி நிறத்துக்கு வந்திருந்தது. அவர் மேடம் யூனிடம் ஏதோ சொன்னார். இருவரும் விறகு அடுக்கியிருந்த இடத்தைப் பார்க்க வீட்டின் பின்பக்கம் போனார்கள். ஒரு கட்டையாவது மிச்சம் இருக்கிறதா என்று தேட அவர்களுக்கு வெகுநேரம் ஆனது.

நஞ்சப்பன் படுத்துக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். வாழ்நாளில் இவ்வளவு மும்முரமாக அவர் எந்த வேலையையும் செய்ததில்லை. மூடிய கண்ணுக்குள் உலை தெரிந்தது. உலை மேல் மணமேடை. மணமேடைக்கு இடது பக்கம் நாதஸ்வரம்.

“மணி என்ன?”

“ஏழு நாப்பத்தேழுங்க” என்றார் கிட்டுசாமி. மூன்று தடவை சொன்னார்.

“தரை ஆறிப்போச்சு. வரமாட்டேங்குது. ஏப்பா சென்னிமலை, கண்ணுல மொதல்ல படற மரத்தை எடுத்துப் போடுப்பா. என்ன மரமா இருந்தாலும் பரவால்ல. என்கிட்டக் கேட்டுட்டு நிக்காதே.”

சென்னிமலை வெளியே போனார். சற்று நேரத்தில் அடுப்பு வாயில் படபடவென்று சத்தம் கேட்டது. லேசான, நன்றாகக் காய்ந்த மரம். நஞ்சப்பனின் முதுகுக்கு அடியில் மெல்லிய சூடு ஒன்று பரவியது, அல்லது பரவியதாக அவர் நம்பினார். இரவில் உத்தரத்தைக் கட்டிப்பிடித்திருந்த கை தளர்ந்தது. குறட்டை வந்தது.

ஏழு ஐம்பத்தாறுக்கு மேடம் யூனும் பெக்கும் திரும்பி வந்தார்கள். மேடம் யூன் காகிதக் கதவை ஒரு விரல் அளவு தள்ளிப் பார்த்தார். அந்தக் குறட்டையில் பொய் இருக்க முடியாது. சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஆள் கடைசியில் கிடைத்துவிட்டார். அவர் மூன்றாவது கட்டத்தில் டிக் அடித்து, கோட்டிலிருந்து நல்ல பேனாவை எடுத்துக்கொண்டு, நடைப் பக்கம் திரும்பினார்.

நடையில் ஒன்றும் இல்லை.

“யோவ், இங்க வெச்ச பெட்டி எங்கய்யா? அதுக்குள்ளதான ஒப்பந்தம் கீது” என்றார் பெக்.

சென்னிமலை கையில் இருந்த சாம்பலைத் துடைத்துவிட்டு, உதட்டில் விரலை வைத்தார்.

“மெதுவாப் பேசுங்க. முதலாளி அதுமேலதான் தூங்கறாரு.”